மூன்றாம் கூடத்தின் தண்ணீர்

நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று நீர்வாரியம் புதிதாக விதித்திருந்த அளவில் முக்கால் பங்கு, நண்பகலுக்குள்ளாகவே தீர்ந்துபோயிருந்தது. கணினிக் கூடங்களைக் குளிரவைக்கும் பொறுப்பிலிருந்த மேற்பார்வையாளர் மீட்டரையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். நான்கு மணிக்கு அதிகாரி வருகிறார். அளவு மீறியிருந்தால் குழாய்க்குச் சீல் விழும். கூடவே தம் வேலையும் போகும்.

"மூணாம் கூடத்துக்குப் போற தண்ணியைக் கொஞ்சம் குறைக்கலாமா சார்?" என்றார் குழாய்க்காரர்.

"மூச்சு விடாதேய்யா! அங்கதான் பெரிய கம்பெனி மிஷினெல்லாம் இருக்கு. ஆபீஸ் ஏ.சி.யை நிறுத்து. அதுவும் இதே தண்ணியைத்தானே குடிக்குது!"

நின்றது. வியர்த்து வழிந்த ஊழியர்கள் கதவு ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்தனர். வெளிவெக்கை உள்ளே புகவே, குளிர்விக்கும் பொறிகள் இருமடங்கு தண்ணீர் குடித்தன.

"எல்லாத்தையும் சாத்துங்க!"

சாத்தினார்கள். புழுக்கம் தாங்காத நாற்பது பேரும் சாப்பாட்டு டப்பாக்களுடன் மூன்றாம் கூடத்தில் தஞ்சம் புகுந்தனர். மீட்டர் எண்கள் தலைதெறிக்க ஓடின.

மேற்பார்வையாளரும் ஓடினார். குளிர்காற்று பட்டால் அடுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளுமாதலால் அவர் ஒருநாளும் அக்கூடத்தினுள் நுழைவதில்லை. வாசலில் குவிந்திருந்த செருப்புகளைக் கண்டு தலையிலடித்துக்கொண்டு, கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினார்.

"மிஷின் மேல ஒரு பருக்கை விழுந்துச்சு, தொலைச்சுடுவேன்!"

"சத்தியமா விழாது சார்! நீங்களும் வாங்க, ஜிலுஜிலுன்னு இருக்கு. காலை நீட்டி உக்காரலாம்!"

உள்ளே ஒரே சிரிப்பு.

நான்கு மணிக்கு வந்த அதிகாரி அம்மையார் மீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தாண்டிட்டீங்களே! ஏதாவது ஒரு கூடத்துக்குத் தண்ணியை நிறுத்துங்க. இல்லேன்னா மொத்தத்தையும் நான் நிறுத்துறேன்."

"மூணாம் கூடத்தை மட்டும் கேக்காதீங்கம்மா! பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிறேன். மத்த ரெண்டும் ஒரு நாளைக்கு நாலு தடவை சூடேறும். இது ரெண்டு மாசமா ஒரு தடவைகூட ஏறலை. அவ்வளவு சமர்த்து!" என்று பெருமிதத்தோடு கண் கலங்கினார் மேற்பார்வையாளர்.

சாப்பிட்ட இடத்தைப் பெருக்கி முடித்துத் துடைப்பத்துடன் வெளியே வந்த துப்புரவுப் பெண் வியப்புடன் நின்றாள்.

"எப்படி சார் சூடேறும்? நீங்க பேத்தியைப் பாக்க லீவு போட்டீங்களே, அந்த வாரமே அங்க இருந்த மிஷினையெல்லாம் லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்களே!"