முழந்தாளிட்டு இயக்க வேண்டிய எந்திரம்

எதையும் மூன்று முறை சரிபார்க்கிறவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே சரியாக இருப்பதைத்தான் மூன்று முறையும் பார்ப்பார்கள். நான் அந்த ரகம். கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்து, ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து பார்ப்பேன். கேஸ் மூடியிருக்கும். வாசல் கதவுதான் திறந்திருக்கும்.

மகள் ஜெனி பிறந்ததும் சென்னை வேலையை விட்டுவிட்டு, செஞ்சியில் மாமியார் வீட்டோடு வந்துவிட்டேன். அவளுக்கு ஒரு வயது நெருங்கும்போது வீட்டிலிருந்தே செய்யும்படி ஒரு வேலை வந்தது. நிலக்கடலை உடைக்கும் எந்திரத்துக்கான கையேட்டைப் பக்கம் பக்கமாக வடிவமைத்து, கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவும் சேர்த்துத் தர வேண்டும். கொடுத்தவர் சென்னையில் கையேடுகள் தயாரிக்கும் நிறுவனத்தின் பிரபா மேடம்.

"இது நல்லா வந்தா மாசாமாசம் வேலை இருக்கு. வரலைன்னா மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

நான் மனதில் வேறு எதையுமே வைத்திருக்கவில்லை. இது கிடைக்காவிட்டால் ஜெனியை அத்தையிடம் விட்டுவிட்டு மறுபடி சென்னை பஸ் ஏற வேண்டும். ஹாஸ்டலில் இருந்துகொண்டு வீடியோ காலில் பிள்ளை வளர்க்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் தொழில் விளக்கம் (பயப்பட வேண்டாம், சின்னதுதான்). நீளமான புத்தகங்களில் எல்லாப் பக்கங்களுக்கும் அடியில் ஒரு தாய்ப் பக்கம் இருக்கும். அதன் தலையில் ஒரு வரி எழுதினால் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களிலும் அந்த வரி வந்து நிற்கும். வீட்டில் அம்மாவுக்குத் தலைவலி என்றால் எல்லாருக்கும் ரசம் சோறுதான் என்பதைப் போல. கையேட்டின் தாய்ப் பக்கத்தில், சிவப்புப் பட்டையில், "ஆபத்து: திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்" என்று போட்டிருந்தேன்.

சொல்லடைவில்தான் என் மனசாட்சி முழுவதும் இறங்கியது. விவசாயி எந்தச் சொல்லைத் தேடுவாரோ என்று பயந்து எல்லாவற்றையும் சேர்த்தேன். அத்தை எட்டிப் பார்த்தார்.

"நெலக்கடலையா? நம்ம பக்கம் எவன் அப்படிச் சொல்றான்? மல்லாட்டைன்னு போடு."

போட்டேன். 'மல்லாட்டை: நிலக்கடலை என்பதைக் காண்க' என்றும், எதற்கும் இருக்கட்டும் என்று 'நிலக்கடலை: மல்லாட்டை என்பதைக் காண்க' என்றும் போட்டேன். அப்படியே அச்சாகியிருந்தால், அதைத் தேடப்போன விவசாயி இன்னும் இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருப்பார். நல்லவேளை, அதை மட்டும் நேரத்தோடு பார்த்துவிட்டேன்.

அந்த வாரம்தான் எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருவிழா. மாதர் சங்கத் தலைவி ஸ்டெல்லா அக்கா வந்தார்.

"உன் பொட்டிலயே ஆராதனை புக்கையும் அடிச்சுக் குடுத்துடும்மா. போன வருஷம் பாதிப் பேரு நிக்குறான், பாதிப் பேரு முட்டி போடுறான். மானம் போச்சு."

மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. இடது பக்கத்தில் செபம், வலது பக்கத்தில் பாட்டு என்று பிரித்தேன். தாய்ப் பக்கத்தில் இடப்புறம் "அனைவரும் முழந்தாளிடவும்", வலப்புறம் "எழுந்து நின்று பாடவும்". அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். பாடல்களுக்கும் சொல்லடைவு போட்டேன். (யாரும் கேட்கவில்லை.)

ஜெனி தூங்கும் கொஞ்ச நேரத்தில்தான் இரண்டு வேலையும் நடக்க வேண்டும். அதனால் லேப்டாப்பில் கையேட்டின் அத்தியாயக் கோப்புகள் இருந்த பட்டியலிலேயே, முதல் ஆளாக, ஆராதனைப் புத்தகத்தையும் சேர்த்து வைத்தேன். ஒரே இடத்தில் இருந்தால் திறக்கச் சுலபம். இப்போது நினைத்தாலும் அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

அந்தப் பட்டியலில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், முன்மாதிரி என்று குறித்த கோப்பின் தாய்ப் பக்கம் எப்படி இருக்கிறதோ அப்படியே மற்ற எல்லாம் மாறிவிடும். திருவிழா அன்று காலை, எல்லா அத்தியாயமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சந்தேகம் வந்து அதை அழுத்தினேன். முன்மாதிரிக் குறி பட்டியலின் முதல் ஆளான ஆராதனைப் புத்தகத்திடம் இருந்ததைக் கவனிக்கவில்லை. ஜெனி எழுந்துவிட்டாள். சொல்லடைவை மட்டும் புதுப்பித்து, கையேட்டை பிரபா மேடத்துக்கு அனுப்பிவிட்டு ஓடினேன்.

பன்னிரண்டு மணிக்கு பிரபா மேடம் கூப்பிட்டார். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது.

"மேரி, மோட்டார் படம் இருக்கிற பக்கத்தை ஒரு தடவை திறங்க. மேல என்ன போட்டிருக்கு?"

திறந்தேன். மோட்டாருக்கு மேலே "அனைவரும் முழந்தாளிடவும்" என்றிருந்தது. அடுத்த பக்கத்தில் பெல்ட் மாட்டும் முறை. "எழுந்து நின்று பாடவும்." புத்தகம் முழுவதும் மாறி மாறி முழந்தாளிட்டு எழுந்துகொண்டிருந்தது.

"அட்டைக்கு அடுத்த பக்கமே பதினேழுன்னு ஆரம்பிக்குது. சொல்லடைவுல கவசத்துக்கும் காற்று வடிகட்டிக்கும் நடுவுல காணிக்கைப் பாடல் இருக்கு. ரெண்டு மணிக்கு இது அச்சுக்குப் போகணும். முடியுமா, இல்ல நான் வேற ஆளைப் பார்க்கட்டுமா?"

"முடியும் மேடம்" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. என் லேப்டாப்பின் பேட்டரி பெயருக்குத்தான் இருந்தது. திரை ஒருமுறை கண் சிமிட்டி அணைந்தது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தைதான் ஜெனியைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"அழறதுன்னா ஆட்டோல அழு. பாஷா பாய் கடையில இன்வெர்ட்டர் இருக்குது. வா."

வெயிலில் கோட்டைப் பாறை கொதித்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஏகப்பட்ட கூட்டம். ஆராதனைப் புத்தகத்தை அச்சடிக்கப்போவதும் பாஷா பாய்தான் என்பதால் என்னைப் பார்த்ததும் கை நீட்டினார்.

"சர்ச்சு புக்கு எடுத்தாந்தியாம்மா? அந்த அக்கா நாலு தடவ போன் பண்ணிடுச்சு."

"அதுக்கு முன்னாடி ஒரு வேலை பாய். என் பொழப்பே அதுலதான் இருக்குது."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிளக்கைக் காட்டினார். பழைய அத்தியாயம் ஒன்றை முன்பே பிரபா மேடத்துக்கு அனுப்பியிருந்தேன். அதை மெயிலிலிருந்து இறக்கி, அதன் மேல் முன்மாதிரிக் குறியை வைத்து, பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினேன். சிவப்புப் பட்டை ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி வந்தது. பக்க எண் மட்டும் இன்னும் பதினேழில் நின்றது; முன்னால் இருந்த ஆராதனைப் புத்தகத்தின் பதினாறு பக்கங்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. அப்போதுதான் ஆராதனைப் புத்தகத்தைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். எண் ஒன்றுக்கு வந்தது. சொல்லடைவை மறுபடி உருவாக்கினேன். காணிக்கைப் பாடல் போய்விட்டது.

ஜெனி அலற ஆரம்பித்தாள். அத்தை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கும் ரோட்டுக்கும் நடந்தார். அந்த அலறலுக்கு நடுவே கையேட்டைப் புரட்டினேன். ஒருமுறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை சொல்லடைவின் எண்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தோடு ஒத்துப் பார்த்தேன். இரண்டு மணிக்குச் சற்று முன்னால் அனுப்பினேன். பிரபா மேடத்திடமிருந்து ஒரே வரி வந்தது: "இப்ப சரி. அடுத்த மாசம் தவிடு எந்திரம்."

அத்தையிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஜெனியை என் மடியில் போட்டார். "மொதல்ல இவளுக்குக் குடு."

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "அந்த சர்ச்சு புக்கு ஃபைலை அடிச்சுடுங்க பாய்" என்று சொன்னேன்.

மூன்று முறை என்ன, அதை ஒருமுறை கூட நான் திறக்கவில்லை.

சாயங்காலம் கோயில் நிறையக் கூட்டம். புத்தகத்தைக் கையில் வாங்கிப் பிரித்தேன். பாட்டு வரிகளுக்கு மேலே, சிவப்புப் பட்டை கறுப்பாகி, பக்கத்துக்குப் பக்கம்: "ஆபத்து: திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்." பட்டியலில் இருந்தபோதே நான் பொத்தானை அழுத்தியதில், கையேட்டோடு அதுவும் மாறியிருக்கிறது. (பாஷா பாயைப் பிறகு கேட்டேன். "திருவிழால சீரியல் பல்பு நெறைய கட்டுவீங்க, அதுக்கு சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சேன்மா.")

முழந்தாளிடச் சொல்லும் வரி போய்விட்டதால், போன வருடம்போலவே பாதிப் பேர் நின்றார்கள். பாதிப் பேர் முட்டி போட்டார்கள். ஸ்டெல்லா அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜெனியின் தலைக்குப் பின்னால் ஒளிய முயன்றேன். அவளுக்கு அப்போது தலை ரொம்பச் சின்னது.

ஃபாதர் அர்ச்சித்த அப்பம் வைத்துப் பூட்டியிருக்கும் நற்கருணைப் பேழையை நோக்கி நடந்தார். சீரியல் செட் போட வந்திருந்த அண்ணன் அவலூர்பேட்டைக்காரர். நம் கோயில் வழக்கம் தெரியாதவர். அவர் கையிலும் யாரோ ஒரு புத்தகத்தைக் கொடுத்திருந்தார்கள். ஃபாதர் பேழையின் கதவில் சாவியை வைத்தார். அண்ணன் புத்தகத்தைப் பார்த்தார், ஃபாதரைப் பார்த்தார், கடமை தவறாமல் மெயினை அணைத்தார்.

கும்மிருட்டு. மைக் இல்லை, ஃபேன் இல்லை. பீடத்தில் மெழுகுவத்திகள் மட்டும். பிறகு சேலைகள் உரசும் சத்தம். கண் பழகியபோது பார்த்தால், மொத்தக் கோயிலும் முழந்தாளில் இருந்தது. நின்றிருந்தவர் ஒருவர் இல்லை.

முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். எனக்கு முன்பே ஃபாதர், "அந்த லைட் அணைக்கிற யோசனை யாரோடது? நல்லா இருந்தது" என்றார்.

"என்னோடதுதான் ஃபாதர்" என்றார் ஸ்டெல்லா அக்கா, கண் இமைக்காமல்.

அதிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்த நேரத்தில் விளக்கை அணைக்கிறார்கள். ஏதோ பழைய வழக்கம் என்று வெளியூர் விருந்தாளிகளுக்கு விளக்கமும் சொல்கிறார்கள். நான் வாய் திறப்பதில்லை.

வீட்டில்தான் விடமாட்டேன் என்கிறார்கள். நான் மிக்ஸியைப் போட்டால் ஹாலிலிருந்து என் கணவர், "எல்லாரும் முட்டி போடுங்க" என்கிறார். அத்தை, "மொதல்ல பாட்டு, அப்புறம்தான் முட்டி" என்று திருத்துகிறார். ஜெனி இப்போது யூகேஜி. போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் செபப் புத்தகத்தைப் பிரிக்கப் போனபோது, அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, கோயிலுக்கே கேட்கும்படி ரகசியமாகக் கேட்டாள்:

"அம்மா, கரண்ட்ட நிறுத்திட்டியா?"