மோட்டார்காரர் நீக்கிய சம்பந்தி

மரக்காணத்தில் வாட்ஸ்அப் வைத்திருக்கும் யாரும் மோட்டார்காரரிடமிருந்து தப்பியதில்லை. உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பவர் அவர். இன்டர்நெட்டில் எந்த லிங்க் கண்ணில் பட்டாலும் எடுத்து வைத்துக்கொள்வார். விஷயத்துக்கு ஒரு குரூப், உள்ளே அவர் ஒருவர்தான். மோட்டார் காயில் கட்டுவதற்கு ஒன்று, மழை ராடாருக்கு ஒன்று, மூல வியாதிக்கு ஒன்று.

குரூப் தொடங்கத் துணைக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும் என்று எவனோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தான். கையில் அகப்பட்டவரைச் சேர்ப்பார். அடுத்த நிமிடமே நீக்குவார். உப்பளத்து ஆபீஸில் வேலை பார்க்கும் என்னை மூல வியாதி குரூப்பில் சேர்த்து நீக்கியபோது, "உங்களுக்கு எப்பலேர்ந்து?" என்று என் மனைவி பதறிப்போனாள்.

"ஏண்ணே, நான் உள்ள இருந்தாதான் என்னா?" என்று கேட்டேன்.

"நீ எதுனா போடுவ. உப்பு பூத்த பாத்தியில பச்சத் தண்ணி வுடுவியா?"

அப்படிப்பட்டவரின் மகளுக்கு இரும்பை கிராமத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பூ வைத்த மறுநாள் 'கல்யாணச் சமையல்' என்று குரூப் தொடங்கினார். சேர்த்தது யாரை? சம்பந்தியை. நீக்கியதும் அவரைத்தான்.

சம்பந்தி போனில் கொதித்தார். "பூ வச்ச மறுநாளே என்னக் கல்யாணத்துலேர்ந்து தூக்கிட்டீங்க. இனிமே பேச்சே கெடயாது!"

மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மோட்டார்காரர் ஆடிப்போய்விட்டார். "ஏம்பா, நீ வந்து சொல்லு" என்று என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு இரும்பைக்கு விரட்டினார்.

அங்கே நான் சாட்சி சொன்னேன். "எங்க எல்லாரையும் தூக்கியிருக்காருங்க. அளத்து முதலாளி சம்சாரத்தையே பேன் மருந்து குரூப்புலேர்ந்து தூக்கினாருங்க."

என் போனையும் நீட்டினேன். திறந்த இடமெல்லாம் நீக்கம். சம்பந்தி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, மூலத்தில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மோட்டார்காரரிடம் திரும்பி, "சரி, இப்ப சேருங்க. மறுபடி தூக்கக்கூடாது" என்றார்.

மோட்டார்காரர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். மகள் ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டு சேர்த்தார்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. சம்பந்தி இன்றைக்கும் தினமும் காலையில் அந்தக் குரூப்பில் ரோஜாப்பூ போட்டு குட் மார்னிங் சொல்கிறார். வத்தக்குழம்பு லிங்க் வேண்டுமென்றால் மோட்டார்காரர் அத்தனை ரோஜாவையும் தாண்டிப் போகவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அவரும் பதிலுக்கு ஒரு வணக்கம் போடுகிறார்.

என்னை மட்டும் பழையபடி சேர்க்கிறார், நீக்குகிறார். ஒரு வாரம் அவர் என்னை எதிலிருந்தும் நீக்காவிட்டால் எனக்கு மனசு கேட்பதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போய், ஆள் நன்றாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.