வீட்டுக்கு நாலே முக்கால் பேர்

மேனாம்பேட்டுக் குழாயடியில் போன வருஷம் ஒரு வதந்தி: கால் விளங்காத பிள்ளைகளுக்கு மூன்று சக்கர வண்டி தர, மெட்ராஸிலிருந்து ஒருவர் வீடு வீடாக வந்து பெயர் எழுதுகிறாராம். விசாரித்ததில், வந்தது வாஸ்தவம். எழுதியதும் வாஸ்தவம். வண்டி என்று பார்த்தால், அவர் ஏறி வந்த வாடகை சைக்கிள் ஒன்றுதான்.

வாசகரே, ஆராய்ச்சிக்காரர் என்ற இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படிப்பு, நோய், ஊனம் என்று ஜனங்கள் தலையில் விழுவதையெல்லாம் கட்டம் போட்ட தாளில் அடக்கி, கூட்டி, வகுத்து, ஒரு புள்ளியும் வைத்த பிறகுதான் இவருக்குச் சோறு இறங்கும். ஆண்கள் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன பிறகு பதினோரு மணிக்கு வருவார். கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, மாதம் டீத்தூளுக்கு எவ்வளவு ஆகிறது என்பார். 'பொதுவாக' என்று ஆரம்பித்து 'சராசரியாக' என்று முடிப்பார். நடுவில் இருந்த மனிதர்கள் எங்கே போனார்கள்? யாருக்குத் தெரியும்!

மேனாம்பேட்டுக்கு வந்தவர் சண்முகசுந்தரம், பொருளாதார எம்.ஏ. ஒரு வீட்டு வாசலில் கன்னியம்மா போட்ட முக்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். மை இல்லை. பள்ளிக்கூடம் லீவு என்று வீட்டில் இருந்த கன்னியம்மாவின் மகள் வசந்தகுமாரி, எட்டு வயது, இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவள், நுனி கடித்த தன் பென்சிலை நீட்டினாள்.

"இந்தப் பக்கம் வீட்டுக்குச் சராசரியா நாலே முக்கால் பேர்மா."

"அந்த முக்கா ஆளு யாரு சார்? எங்க மாமியாரா?"

சண்முகசுந்தரம் சிரிக்கவில்லை. படிவத்தில் சிரிப்புக்குக் கட்டம் இல்லை. "பொண்ணு பள்ளிக்கூடம் போகுதா?"

"போவுது சார். அவுங்க நைனா சைக்கிள்ல குந்த வெச்சி இட்டுகினு போவுது. வர்ற மாசத்துலேர்ந்து நைனாவுக்குக் காலை ஷிப்டு. அப்பால யாரு இட்டுகினு போறது? அதான் வண்டி கேக்கறோம்."

சண்முகசுந்தரம் முகம் மலர்ந்தது. "அப்போ கல்வியில பாதிப்பு இல்லை!" என்று பூஜ்யம் போட்டார். படிவத்தின் நியாயம் அப்படி. பள்ளிக்குப் போகாத பிள்ளையைத்தான் ஊனம் பாதித்திருக்கிறது. போகிற பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை.

"இன்னா சார் பேசற? நாளைக்கே ஊட்ல குந்த வெச்சிட்டா எழுதிக்குவியா?"

அவர் யோசித்தார். "எழுதலாம்" என்றார், நேர்மையாக.

"நான் ஸ்கூலுக்குப் போவேன்" என்றாள் வசந்தகுமாரி.

பென்சில் கொஞ்சம் தயங்கியது. பிறகு தாளின் ஓரத்தில் அவள் பெயரை எழுதினார். கட்டத்துக்கு வெளியே அவர் எழுதிய முதல் எழுத்து அதுதான். "அடுத்த செவ்வாய் வந்து பாக்கிறேன்" என்று சைக்கிள் ஏறினார்.

எத்தனையோ செவ்வாய் போயிற்று. அறிக்கை வந்தது, நூற்று நாற்பது பக்கம். ஊனமுற்ற பிள்ளைகளின் பள்ளி வருகை பொதுவாகத் திருப்தியாம். ஓரத்தில் எழுதியதை யார் அச்சடிப்பார்கள்? காலை ஷிப்டு வந்ததிலிருந்து கன்னியம்மாதான் மகளை இடுப்பில் சுமந்து போகிறாள். வழியெல்லாம் அந்தப் பெண்ணுக்கு ஒரே புகார்: "எம் பென்சிலைக் குடுக்கவே இல்லம்மா அந்த ஆளு."

சிரிக்கிறீர்கள். 'பாவம், பொதுவாகவே இந்த ஜனங்கள்...' என்று உங்கள் வாயும் ஏதோ ஆரம்பித்ததே? எதற்கும் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். நுனி கடித்த பென்சில் ஏதாவது அகப்பட்டால், அது மேனாம்பேட்டில் சேர வேண்டியது.