பொன்னி அக்காவைக் கேட்காமல் பொன்னி அக்காவைக் கேட்ட கதை

கூச்சக்காரனுக்கு ஏ.ஐ. ஒரு வரம் என்று நினைத்திருந்தேன். மனிதர்களிடம் பேசாமலே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் அல்லவா? அந்த நினைப்பு சரியாக ஒன்பது நாள் நீடித்தது.

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். படிப்பு பத்தாவது. இருபது பெண்கள் மேஜை முன் நின்று, பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த விவரம் உடனுக்குடன் முதலாளியின் போனில் தெரிய வேண்டும். அதற்கு ஆப் செய்ய முதலாளி கோயமுத்தூர் சாப்ட்வேர்காரர்களைக் கூப்பிட இருந்தார். "நானே ஏ.ஐ. வெச்சுப் பண்றனுங்க" என்று வாயைத் திறந்துவிட்டேன். (வருஷத்துக்கு ஒருமுறைதான் திறக்கும். அதுவும் தப்பான நேரத்தில்.)

"பண்ணுங்க. நல்லா வந்தா இனி நம்ம கம்பெனி ஆப் எல்லாம் உங்க பொறுப்பு. இல்லீன்னா அவங்களைக் கூப்பிட்டுக்கறேன்."

ஏ.ஐ. அரை மணியில் திரையை வரைந்து தந்தது. "பயன்படுத்தப் போகிறவர்களிடம் காட்டிக் கேளுங்கள்" என்று புத்தியும் சொன்னது. இருபது பெண்கள் முன்னால் போய் நின்று கேட்பதா? என்னால் ஆகாது. அதனால் ஏ.ஐ.யிடமே எழுதினேன்: "நீதான் பொன்னி அக்கா. பன்னிரண்டு வருஷமாகச் செக்கிங். இந்தத் திரை எப்படி?"

"மிகவும் எளிமையாக உள்ளது, ஐயா. என் பணி இனிமையாகிவிட்டது."

அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். எங்கள் முதல் மேஜையில் நிற்கும் நிஜப் பொன்னி அக்கா என்னை ஐயா என்றதும் இல்லை, எதையும் இனிமை என்றதும் இல்லை. நானோ பூரித்துப்போய் ஏ.ஐ.யை இன்னும் நான்கு செக்கிங் பெண்களாகப் பேச வைத்தேன். நால்வரும் புகழ்ந்தார்கள். முதலாளியிடம், "பொன்னி அக்கா உள்பட அஞ்சு பேர்கிட்டக் கேட்டுட்டனுங்க" என்றேன்.

அவர் நேராகப் பொன்னி அக்காவின் மேஜைக்குப் போய்விட்டார். "ஏம்மா, ஆப் நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களாமா?"

"எங்கிட்டயா?" அக்காவுக்கு விருதுநகர்ப் பக்கம். ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "இவுக என் மூஞ்சிய நிமிந்து பாத்ததே இல்லையே மொதலாளி!"

இருபது மேஜையும் சிரித்தது. போனை நீட்டி, அதற்குள் நானே பேச வைத்த பொன்னி அக்காவைக் காட்ட வேண்டியதாயிற்று.

முதலாளி அக்காவை ஆப்பில் செய்து காட்டச் சொன்னார். அக்காவின் இடது கை பனியனுக்குள். வலது கையில் நூல் வெட்டும் கத்தரி. என் திரையோ என்ன குறை, எந்த இடம், உறுதிதானா என்று ஒவ்வொன்றுக்கும் தொடச் சொன்னது.

"ரெண்டு கையும் வேலையா இருக்கு. மூக்கால அமுக்கவா?"

அமுக்கியும் விட்டார். கடைசி அமுக்கலில் திரை முழுக்கப் பலூன்கள் பறந்தன. "வாழ்த்துகள்!" (உற்சாகமாக இருக்கட்டும் என்று நான் கேட்டு வாங்கிய பலூன்.)

முதலாளி திரும்பினார். "ஏனுங்க, எம் பனியன்ல ஓட்டை உழுந்தா பலூன் உடறீங்களா?"

கோயமுத்தூருக்குப் போன் போடப் போனவரைத் தடுத்ததும் அக்காதான். "ரெண்டு நாளு குடுங்க மொதலாளி. சூப்பர்வைசர், அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். பார்த்தேன். கேட்டேன். அக்கா சொன்னதை அப்படியே ஏ.ஐ.யிடம் சொன்னேன்: பெரிதாக ஒரு பனியன் படம், குறை உள்ள இடத்தில் விரல் முட்டியால் ஒரே தட்டு. பலூன் வேண்டாம். மூன்றாம் நாள் இருபது மேஜையிலும் அது ஓடியது. கோயமுத்தூர்க்காரர்கள் வரவே இல்லை.

என் மனைவிக்கு அதே கம்பெனியில் தையல் வேலை. அதனால் பலூன் சமாச்சாரமும் போன் பொன்னி அக்கா சமாச்சாரமும் எனக்கு முன்பே வீடு சேர்ந்திருந்தன. இன்றும் ஜவுளிக்கடையில் ஒரு சேலையைத் தூக்கி, "இது புடிச்சிருக்குதா?" என்று கேட்டால் போதும்.

"என்னை எதுக்குங்க கேக்கறீங்க? உங்க போன்ல ஒரு பொண்டாட்டி இருப்பாளே, அவளைக் கேளுங்க. அவ வேண்டாம்னே சொல்ல மாட்டா."