ஜப்பான் பெட்டி, அமெரிக்கா கார்டு

"மஞ்சள்தான் உள்ள போயிருக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே அர்த்தனாரி, கேம் பெட்டியின் துவாரத்தைத் தென்னங்குச்சியால் குடைந்துகொண்டிருந்தார்.

"மஞ்சளும் இல்ல, குங்குமமும் இல்லீங்ணா. பெட்டியே ஓட்டைங்க" என்றான் எதிரே ஸ்டூலில் இருந்த தம்பி முருகானந்தம்.

"டேய், இது ஜப்பான் பெட்டிடா! ஜப்பான்காரன் ஓட்டை சாமான் செய்வானா? உன்ற கார்டுதான் டூப்ளிகேட்டு."

"அமெரிக்காவுல டூப்ளிகேட்டா? எங்க முதலாளி பையன் பெரிய கடையில வாங்கி, சூட்கேஸ்ல வெச்சுக் கொண்டாந்ததுங்க!"

அண்ணனும் தம்பியும் மூன்று வருஷம் கழித்து முகம் கொடுத்துப் பேசிக்கொண்டது இப்படித்தான்.

சண்டைக்குக் காரணம் மடி. இருவருக்கும் நடுவில் பிறந்த சுகுணாவின் ஒரே மகள் சுசித்ராவுக்கு யார் மடியில் வைத்துக் காது குத்துவது என்பதில் வந்தது. தலைமகன் நான் என்றார் அர்த்தனாரி. அக்கா என்னைத்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள் என்றான் முருகானந்தம். பஞ்சாயத்து வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் பேச்சுவார்த்தையே நின்று, குத்த வேண்டிய வயதில் குத்தாமல், பிள்ளை ஆறாவதுக்கு வந்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நாளில் பெரிய மனுஷி ஆகிவிட்டால் அப்புறம் மாமன் மடியாவது ஒன்றாவது. அர்த்தனாரிக்குப் பிள்ளை இல்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்தப் பிள்ளையை மடியில் வைத்துச் சபையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் கொல்லிமலை முழுக்கத் தெரியும்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னவள் சுசித்ராவேதான். "வலது காது பெரிய மாமா மடியில, இடது காது சின்ன மாமா மடியில. பெரிய மாமா எனக்கு ஜப்பான்ல இருந்து கேம் பெட்டி வாங்கித் தரோணும். சின்ன மாமா அமெரிக்காவுல இருந்து பூனை கேம் கார்டு வாங்கித் தரோணும். ரெண்டையும் போட்டு கேம் ஓடுச்சுன்னா உடனே உக்காந்துக்கறேன். சத்தியமா!"

"எம்புட்டு அறிவு பாருங்க இந்தப் பிள்ளைக்கு! ரெண்டு மாமனையும் ஒண்ணு சேத்துட்டாளே!" என்று சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமன்மார் இருவரும் தனித்தனியாகப் போய் அழுதார்கள்.

அர்த்தனாரிக்கு ஜப்பான் ஒரு விஷயமே இல்லை. மலையிலேயே வளப்பூர் நாடு என்ற ஊரைச் சேர்ந்த வேல்முருகன் அங்கே கார் பாகம் செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வருகிறவர்களிடம் அவன் சாமான் கொடுத்து அனுப்ப, அர்த்தனாரி கடையில் வைத்து விற்பார். இந்த முறை சுசித்ராவுக்கு ஒரு ஊதாப் பெட்டி, வியாபாரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டி என்று சொல்லிவிட்டார். வந்ததும் கடை வாசலில் 'ஜப்பான் கேம் பெட்டி இங்கு கிடைக்கும்' என்று போர்டும் மாட்டினார். ஊதாப் பெட்டியைக் குலசாமி முன்னால் வைத்து, மஞ்சள் தடவி, பொட்டு வைத்து எடுத்து வந்தாயிற்று. சாமிக்குக் காட்டிய சீரை அப்புறம் மாற்றக் கூடாது. நாமக்கல் முட்டைப் பண்ணை முதலாளிக்குக் கார் ஓட்டும் முருகானந்தமும் தன் கார்டுக்கு அதே மாதிரி பொட்டு வைத்துவிட்டான்.

இப்போது கார்டைப் போட்டால் திரையில் ஜப்பான் எழுத்தில் ஏதோ வருகிறது. கேம் வரவில்லை.

அர்த்தனாரி வேல்முருகனை வீடியோ காலில் பிடித்துத் திரையைக் காட்டினார்.

"அட, அது ரீஜன் லாக்குங்ணா" என்றான் வேல்முருகன். "ஜப்பான்ல வித்த பெட்டியில ஜப்பான் கார்டுதான் ஓடும். அமெரிக்கா கார்டு போட்டா 'இது ஆகாது'ங்குது."

"ஏன்டா ஆகாது? அளவு சரியா இருக்குது, உள்ளயும் போகுது!"

"உள்ள போகுமுங்க. ஓடாது. கம்பெனிக்காரனே பூட்டுப் போட்டு வெச்சிருக்கான். அந்தந்த நாட்டுக்காரன் அந்தந்த நாட்டுல வாங்கோணுமாம்."

"காசு குடுத்து வாங்கினவன் நானு. என்ற பெட்டிக்கு அவனெதுக்குடா பூட்டுப் போடறான்?"

"அது எனக்கெப்படிங்ணா தெரியும்? ஜப்பான் கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா ஓடிரும்."

அர்த்தனாரி வெற்றியோடு தம்பியைப் பார்த்தார். "கேட்டியா? உன்ற கார்டுதான் ஆகாது."

"அவன் அப்படியா சொன்னான்? நீங்க அமெரிக்கா பெட்டி வாங்குனாலும் ஓடும். அப்ப உங்க பெட்டிதான் ஆகாது" என்றான் தம்பி.

பேச்சு தடிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வந்த சுசித்ரா இருவருக்கும் நடுவில் நின்றாள். "சண்டை போடாதீங்க மாமா. யாரும் எதையும் மாத்த வேண்டாம். ஆசையா வாங்கினது, பொட்டெல்லாம் வெச்சிருக்குது. இந்த வருசம் ஓடலீன்னா அடுத்த வருசம் பாத்துக்கலாம். எனக்கொண்ணும் அவசரமில்ல."

"என்ற தங்கம்!" என்று அர்த்தனாரி அவள் தலையை வருடினார். இப்பேர்ப்பட்ட பிள்ளையை ஏமாற்றலாமா? கார்டையும் மாற்றாமல், பெட்டியையும் மாற்றாமல், பூட்டை மட்டும் உடைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் பெட்டியின் செட்டிங்ஸைத் திறந்தார். எல்லாம் ஜப்பான் எழுத்து. செல்போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்குமாமே என்று காட்டினார். 'தகப்பனார் மேற்பார்வையை அனுபவிக்கவும்' என்று வந்தது. நல்ல வார்த்தையாக இருக்கிறதே என்று அமுக்கினார். நாலு எண் கேட்டது. கைக்கு வந்த நாலு எண்ணை அமுக்கினார். பெட்டி மணியடித்து ஏற்றுக்கொண்டது. அடுத்த நிமிஷம் அதே நாலு எண்ணைத் திருப்பிக் கேட்டது. எதை அமுக்கினோம் என்று அர்த்தனாரிக்கு நினைவில்லை.

"இப்ப ரெண்டு பூட்டுங்ணா" என்றான் வேல்முருகன், போனில் சிரிப்பை அடக்க முடியாமல். "ஒண்ணு கம்பெனி போட்டது, இன்னொண்ணு நீங்க போட்டது."

"சிரிக்காதடா, வகுறு எரியுது. எடுக்க வழி சொல்லு."

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாக்கலாமுங்க. சார்ஜ் ஃபுல்லா இருக்கோணும்."

சார்ஜரைச் செருகினார். டப்பென்று ஒரு சத்தம், சார்ஜரில் இருந்து கொஞ்சம் புகை, கடை முழுக்க இருட்டு. ஜப்பான் கரண்டும் நம்ம கரண்டும் ஒன்றல்ல என்பதை வேல்முருகன் அதற்குப் பிறகுதான் சொன்னான். பக்கத்து டீக்கடையிலும் ஃபியூஸ் போய், பிரிட்ஜில் இருந்த பால் திரிந்து, டீக்கடைக்காரி பானுமதி வந்து அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனாள்.

அவள் போன கையோடு மிளகு வியாபாரி மாணிக்கம் கறுப்புப் பெட்டியைக் கவுண்டரில் பொத்தென்று வைத்தார். "ஏப்பா அர்த்தனாரி, சேலத்துல தேடி வாங்குன எந்தக் கார்டும் இதுல ஓடமாட்டேங்குது. என்ற பையன் ஜப்பானுக்குப் போயித்தான் விளையாடோணுமா?"

"பூட்டுங்க, கம்பெனி பூட்டு..."

"பூட்டுன்னு தெரிஞ்சே வித்தியா?"

சாயங்காலம் இன்னொரு கறுப்புப் பெட்டியும் திரும்பி வந்தது. அர்த்தனாரி ஸ்டூல் போட்டு ஏறி, வாசல் போர்டைத் தானே கழற்றினார்.

அவ்வளவோடு நின்றிருந்தால் தேவலை. மாணிக்கம் போன இடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனதில் சேதி கோயில் வரைக்கும் எட்டிவிட்டது. சுகுணா போனில் அழுதாள்.

"ஏனுங்ணா, சீர்ல பூட்டு இருக்குதாமே? பூட்டுன சாமானை அம்மன் முன்னாடி வெச்சா பிள்ளை வாழ்க்கை பூட்டிக்கும்னு பூசாரி சொல்றாருங்ணா!"

அர்த்தனாரி பூசாரி காத்தானிடம் ஓடினார். "அது நெசப் பூட்டு இல்லீங்க. கண்ணுக்குத் தெரியாத பூட்டுங்க."

"அப்ப இன்னும் மோசம்" என்றார் காத்தான். "சாவியைத் தட்டுல வெச்சாத்தான் சீரு வாங்குவேன். இல்லீன்னா வேற மாமன் இருக்கறாரல்ல, அவரு மடியிலயே ரெண்டு காதையும் குத்திக்கட்டும்."

வீட்டுக்கு வந்த அர்த்தனாரிக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டு காதும் போச்சு. போதாக்குறைக்குத் தம்பி வேறு அன்று மாலை கடைக்கு வந்து நின்றான்.

"என்ன, சிரிக்க வந்தியா?"

"இல்லீங்ணா" என்றான் முருகானந்தம். ஒரு பையை நீட்டினான். கரண்ட் வோல்ட்டேஜைக் குறைக்கிற கருவி, நாமக்கல்லில் வாங்கியிருந்தான். "நீங்க இல்லாம நான் மட்டும் உக்காந்தா, அந்த மடி எனக்கெதுக்குங்க? பூசாரிகிட்டச் சொல்லிப்போட்டேன், ரெண்டு மாமனும் இல்லீன்னா ஒரு மாமனும் இல்லேன்னு."

அர்த்தனாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகு நேரம் கவுண்டரைத் துடைத்தார். பிறகு, திரும்பி வந்த கறுப்புப் பெட்டியின் சார்ஜரை அந்தக் கருவியில் மாட்டி, ஊதாப் பெட்டிக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். வேல்முருகன் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் அழித்தார்கள். அவர் போட்ட பூட்டு போயிற்று. கம்பெனி பூட்டு அப்படியே இருந்தது.

"வேலு, அந்தப் பூனை கேம் ஜப்பான் கார்டு ஒண்ணு எப்படியாச்சும் அனுப்பிரு" என்றார் அர்த்தனாரி.

முருகானந்தத்தின் முகம் வாடியது. "அப்ப என்ற சீரு?"

"அதுவும் உன்ற கையாலதான் கண்ணு. நீதான் போடறே. பெட்டி என்ற சீரு, கார்டு உன்ற சீரு. இதுல யாருக்கு என்ன குறைச்சல்?"

பெங்களூரில் வந்து இறங்கிய ஒருவர் மூலமாக அந்தக் கார்டு, விசேஷத்தன்று காலையில்தான் பஸ்ஸில் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து சேர்ந்தது. முருகானந்தம் அதற்கும் ஒரு பொட்டு வைத்தான்.

கோயிலில் மேளம் அதிர்ந்தது. மாமன்கள் இருவரும் ஒரே பாயில், முழங்கால் உரச, பட்டு வேட்டியில் உட்கார்ந்தார்கள். எதிரே ஆசாரி தனபால் ஊசியைத் துடைத்து, தங்கக் கம்பியை எடுத்து வைத்தார். சுசித்ரா பட்டுப் பாவாடையில் மலர்ந்து சிரித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு சந்தோஷமாகக் காது குத்திக்கொள்ள வந்த பிள்ளையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று ஆசாரி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"மொதல்ல கேமைப் போடுங்க மாமா. ஓடலீன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். ஊட்டுக்குப் போயிரலாம்" என்றாள்.

அர்த்தனாரி பெட்டியைப் பிடித்தார். முருகானந்தம் கார்டைச் செருகினான். காத்தான் தட்டை ஏந்தியபடி எட்டிப் பார்த்தார். ஒரு கணம் திரை கறுப்பாக இருந்தது. அப்புறம் டிங்கென்று ஒரு மணி. பாட்டு வந்தது, வானவில் வந்தது, ஒரு பூனை குதித்து வந்து கையாட்டியது.

கூட்டம் கைதட்டியது. மேளக்காரர் தன்னிச்சையாகக் கெட்டிமேளமே கொட்டிவிட்டார். "திறந்துக்கிச்சு, இதுதான் சாவி!" என்று காத்தான் பெட்டிக்கே கற்பூரம் காட்டினார். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார்கள்.

சுசித்ரா மட்டும் திரையையே பார்த்தபடி நின்றாள். "இது... அமெரிக்கா கார்டுதானே மாமா?"

"இல்ல சாமி! உனக்குன்னே ஜப்பான் கார்டு வரவெச்சுட்டோம்ல! வா, வந்து மடியில உக்காரு!" என்றார் அர்த்தனாரி கைகளை விரித்து.

தனபால் ஆசாரி ஊசியோடு நெருங்கினார். சுசித்ரா இரண்டு காதையும் இரண்டு கையால் இறுகப் பொத்திக்கொண்டு, மேளத்தையும் மிஞ்சி வீறிட்டாள்:

"ஜப்பான் பெட்டியில அமெரிக்கா கார்டு ஓடவே ஓடாதுன்னு நெட்டுல படிச்சுப் பாத்துட்டுத்தானுங் மாமா, உங்க ரெண்டு பேத்துகிட்டயும் ஆளுக்கொரு நாட்டுச் சாமானாக் கேட்டேன்!"