தேன் பிடித்தவன்

இந்த மே மாதம் ஒரு நாள் தேயிலை பறிக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்ய எங்கள் வீட்டில் எனக்கு முழு உரிமை உண்டு. அதை நடத்திக்காட்டத்தான் என் மனைவி நெஸ்ரினிடம் அனுமதி வாங்க வேண்டும்.

காரணம், கால்பந்து. ஞாயிற்றுக்கிழமை டிராப்சோன் நகரத்தில் எங்கள் அணி ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. நெஸ்ரினின் தம்பி யாவுஸ் எப்படியோ இரண்டு டிக்கெட் பிடித்து, ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டான். பாழாய்ப்போன அதே ஞாயிறுதான் தேயிலை வாங்கும் நிலையத்தில் எங்கள் வீட்டு இலையைப் பறித்துக் கொடுக்கும் முறை. முறை நாளில் சரிவுக்கு வராத ஆண்பிள்ளைக்கு இந்த ரீசே மலையில் ஒரே ஒரு மன்னிப்புத்தான் உண்டு: "தேன் பிடிச்சிடுச்சு."

மலையெல்லாம், நாங்கள் காட்டு ரோஜா என்று சொல்லும் ஒரு புதர்ப்பூ பூத்துக் கிடக்கும். பூவில் விஷம். தேனீக்கு ஒன்றும் ஆகாது, அந்தத் தேனைத் தின்ற மனுஷனுக்குத்தான் ஆகும். பித்துத் தேன் என்போம். பாலில் துளி கலந்தால் மருந்து, புது மாப்பிள்ளைகளுக்கு வீரியம். கை கொஞ்சம் தாராளமானால் தலை சுற்றும், கால் துவளும், குடல் வாய்க்கு வரும். தேன் பிடித்தவனை யாரும் வேலை ஏவ மாட்டார்கள். படுக்கவைத்து, போர்த்தி, உப்புப் போட்ட மோர் கொடுப்பார்கள். எவ்வளவு மரியாதையான நோய் பாருங்கள்!

ஞாயிறு காலை, பித்துத் தேன் ஜாடிக்குள் ஒரு ஸ்பூனை விட்டேன். மீசையில் கொஞ்சம் தடவிக்கொண்டு தரையில் சாய்ந்தேன்.

"நெஸ்ரின்! தேன் பிடிச்சிடுச்சு!"

கூடையை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"எவ்வளவு தின்னே?"

"நாலு ஸ்பூன்."

"நாலா! நீ என்ன புது மாப்பிள்ளையா?"

"பேச முடியல. நீ ரெண்டு ரெண்டா தெரியுறே."

"ஒருத்தியையே உன்னால சமாளிக்க முடியல. கையைக் குடு இத்ரிஸ்."

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பயத்தில் என் நெஞ்சு தடதடவென்று அடித்தது. நல்லதாய்ப் போயிற்று, நம்பும்படி இருக்கும் என்று நினைத்தேன்.

"ஐயோ பாவம், முத்திப்போச்சு," என்றாள். "அசையாமப் படு. இந்தா, மோரைத் தவிர எதையும் தொடாதே. கீழ் வீட்ல அம்மாகிட்டச் சொல்லிட்டுப் போறேன்."

"தேயிலை?"

"உன் உசுரைவிடவா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் கிடந்த என் கோட்டைக்கூட உதறி, ஒழுங்காக ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று வருந்தினேன். அவள் படி இறங்கும் வரை வருந்தினேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வெறும் மோரைக் குடித்துவிட்டு மைதானத்தில் கத்த முடியுமா? அலமாரியில் பித்துத் தேனுக்குப் பக்கத்திலேயே கஷ்கொட்டைப் பூத் தேன் ஜாடி இருந்தது. சாதுவான தேன். இரண்டும் ஒரே கறுப்பு, இரண்டும் கொஞ்சம் கசக்கும். சோள ரொட்டியை அதில் முக்கி முக்கித் தின்றேன். தொண்டை எரிந்தது. மனசாட்சி உறுத்துகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

சவரம் செய்து, மீசையைச் சீவி, கோட்டைப் போட்டுப் பையில் கைவிட்டால் டிக்கெட் இல்லை. உள்பையிலும் இல்லை. மறுபடி தேடலாம் என்று குனிந்தேன். அலமாரி மெதுவாக என் பக்கம் சாய்ந்தது. தரை எழுந்து வந்தது.

மாமியார் வந்து பார்த்தபோது ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு கிடந்தேன்.

"அத்தை... தேன் பிடிச்சிடுச்சு..."

"போதும் எழுந்திரு மாப்பிள்ளை. எல்லாம் நடிப்புன்னு அவ சொல்லிட்டுத்தான் போனா." மணிக்கட்டைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. "அடப்பாவி, நாடியே காணோம்! நிஜமாவே தின்னுட்டியா?"

சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து ஊசி போட்டார். தலையைத் தூக்கக் கூடாது என்றார். தூக்குவதற்குத் தலை இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. மாமியார் இரக்கப்பட்டு டிவியைப் போட்டுவிட்டார்.

எங்கள் அணி கோல் போட்டது. கூட்டத்தைக் காட்டினார்கள். யாவுஸ் குதித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் என் இருக்கையில், என் கழுத்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, என் மனைவி குதித்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் தொண்டை கட்டிப்போய் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"பயமுறுத்திட்டியேய்யா. மோரைத் தவிர எதையும் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"ஜாடியை எப்ப மாத்தினே?"

"போன வாரமே. விருந்தாளி வந்தா வீரம் காட்ட நீ பித்துத் தேன் ஜாடியைத்தானே தூக்குவே? அதான் பித்துத் தேனை மத்த ஜாடிக்கு மாத்திட்டு, அதுல சாதுத் தேனை ஊத்தி வச்சேன். அதைத் தின்னுட்டுத் தேன் பிடிச்சிடுச்சுன்னா நான் நம்பணுமா? அதுவும் தேன் பிடிச்சவனுக்கு நாடி படுத்துரும்யா. உனக்குக் குதிரை மாதிரி ஓடுச்சு!"

போகட்டும், வேலையாவது முடிந்திருக்குமே என்று கேட்டேன்: "தேயிலையை யார் பறிச்சா?"

"யாரும் பறிக்கல. நம்ம முறையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டேன். பதிலுக்கு நாளன்னைக்கு அவங்க முறை நமக்கு. அதுக்குள்ள நீ எழுந்துருவே. கூடை வாரை உன் தோளுக்கு இறக்கி வச்சிருக்கேன்."

"நான் தனியாவா?"

"கத்திக் கத்தி எனக்கு உடம்பு முடியலய்யா. கொஞ்சம் தேனைச் சாப்பிட்டுட்டுப் படுத்துக்கிறேன்."

எந்த ஜாடி என்று அவளுக்குத்தான் தெரியுமே.