வானொலி நிலையத்தில் என் வயலின்

பிளாக்பர்ன்,
நவம்பர் 1931

அன்புள்ள எட்னா அக்காவுக்கு,

உன் மூட்டுவலியும் அத்தானின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி மேபலும் நானும் நலம். நலம் என்றால் போதாது. உன் தம்பி மான்செஸ்டர் வானொலி நிலையத்தையே மயக்கிவிட்டு வந்திருக்கிறான்!

எங்கள் நடன அரங்கில் கூட்டமே இல்லை. ஊரே வீட்டில் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிட்டது. வாரந்தோறும் வானொலியில் வாசிக்க இடம் கிடைத்தால்தான் என் இசைக்குழுவின் ஒன்பது குடும்பங்களும் பிழைக்கும். அதனால் நேற்றுச் சோதனை வாசிப்புக்குப் போனோம். யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் எல்லோரையும் வால் கோட்டிலும் புது ஷூவிலும் நிறுத்தினேன், அந்த ஷூ கிறீச்சிட்டதில் நிலையத்து இளைஞர் ஃபென்விக் "ஷூவைக் கழட்டுங்க சார், மைக்குல எலி கத்துற மாதிரி கேக்குது" என்றார், கழற்றினால் டிரம் வாசிக்கும் பெர்ட்டின் கட்டைவிரல் காலுறைக்கு வெளியே நின்று எல்லோரையும் பார்த்தது. அடுத்து எங்கள் பாடகன் சிரில். கடைசி வரிசைவரை கேட்கும்படி தகரக் குழாயில் பாடிப் பழகியவன் அவன். ஃபென்விக் குழாயைப் பிடுங்கி, "காதோரமா ரகசியம் சொல்ற மாதிரி பாடுங்க" என்றார்.

"அடுத்தவன் பொண்டாட்டி காதுல பாடுற மாதிரி இருக்குமே!" என்றேன்.

"அதான் சார் இப்ப எல்லாருக்கும் வேணும்!"

சரி என்று தாளம் தொடங்க வழக்கம்போல் காலை ஓங்கி மிதித்தேன், அக்கா, ஷூ இல்லாததை மறந்து, பலகையில் துருத்தியிருந்த ஆணியில்! வலியில் இரண்டாவது மிதி விழவில்லை, பாட்டு நொண்டிக்கொண்டே நகர்ந்தது, சிரில் பயத்தில் முனகினான், நானோ ஒற்றைக் காலில் நின்று வயலினில் வாழ்நாளில் வாசிக்காத வாசிப்பு வாசித்தேன். முடிந்ததும் ஃபென்விக் ஓடி வந்தார்.

"இதான் சார் புது பாணி! எங்க கத்துக்கிட்டீங்க?"

"பிளாக்பர்ன்ல நாங்க எப்பவுமே இப்படித்தான்" என்றேன்.

"ஆமா, ஆணி குத்துனா" என்றான் பெர்ட், நல்லவேளை, மெதுவாக.

இனி காலத்துக்கேற்ப மாறத் தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. உன் அடுப்பு அணையாமலும் அத்தான் உன்னிடம் வாய் கொடுக்காமலும் ஆண்டவர் காக்கட்டும்.

உன் பெருமைக்குரிய தம்பி,
வில்ஃப்ரெட் ஓர்மராட்

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஃபென்விக் தொலைபேசியில் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் எங்களுக்கே! ஒரே நிபந்தனை, என் வயலின் மட்டும் கேட்கக் கூடாதாம். வில் அசைவதைப் பார்த்துத்தான் பையன்கள் தாளம் பிடிக்கிறார்கள் என்பதால், வில்லில் சோப்பு தடவிச் சத்தமில்லாமல் வாசிக்கச் சொல்கிறார். உடனே ஒத்துக்கொண்டேன். வயலினைக் காணோமே என்று அத்தான் கேட்டால், உங்கள் ரேடியோ பழுது என்று சொல்லிவிடு.